சிரிக்கிற கண்

மாசி பிறந்து புளியம்பழம் உலுக்க ஆரம்பித்தால் பாஞ்சாலியின் கண்கள் சிரிக்கத் தொடங்கிவிடும்.

அப்படித்தான் அவள் சொல்வாள். "அம்மா, கண்ணு சிரிக்குதும்மா." சொல்லிவிட்டு இரண்டு புறங்கைகளையும் கண்களில் வைத்துத் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க வாய் லேசாகத் திறந்துகொள்ளும், முகத்தில் ஒரு சுகம் பரவும். தூரத்திலிருந்து பார்த்தால், எதையோ நினைத்து அடக்க மாட்டாமல் சிரிக்கிற பெண்ணைப் போலத்தான் இருப்பாள். கையை எடுத்த பிறகுதான் வெள்ளைவிழி செக்கச்செவேல் என்று கிடப்பது தெரியும்.

ஈச்சங்காட்டூரில் எல்லோரும் அதைச் செல்லப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய அப்பன் கோவிந்தன் சந்தைக்குச் சாமை மூட்டை கொண்டுபோகும்போது எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். "ஊர்ல இருக்கிற புள்ளைங்களுக்குக் கண்ணு நோவும். எம் மவளுக்கு மட்டும் சிரிக்கும்பா!"

அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி பாஞ்சாலி. இன்னொருத்தி அவளைப் பெற்ற செல்லியம்மாள்.

செல்லியம்மாள் கோவிந்தனுக்கு முன்னால் வேறொருவனோடு வாழ்ந்தவள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வீரன் என்று ஒருவன். ஒத்துப்போகவில்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து பேசி விலக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் கோவிந்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மலையில் அது ஒரு குற்றமில்லை, யாரும் அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்வதுமில்லை. ஆனால் வீரனின் அக்கா பெரியம்மாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஊற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவளப் பத்தி இன்னா பேச்சு? அரிப்பெடுத்தவ, போய்ட்டா."

சொன்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வார்த்தை போகவில்லை. அது மேடு பள்ளம் ஏறி இறங்கி நடந்தது, சந்தைக்கு வந்தது, திருவிழாவுக்கு வந்தது. கொஞ்ச நாளில் செல்லியம்மாளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவள் தலை தெரிந்தால், "அதோ அரிப்பு வருது பாரு" என்று யாராவது வாய்க்குள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

அதிலிருந்து அவள் வீட்டில் அந்தச் சொல் வழங்குவது நின்றுபோனது. கொசு கடித்தால் சொறிந்துகொள்வார்கள். ஏன் சொறிகிறோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அதே பொருளில் வேறு எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்கிறவர்களின் மனசு பழைய சொல்லுக்குத்தான் போய் நிற்கும் என்று செல்லியம்மாளுக்குப் பயம்.

பாஞ்சாலி அப்போது பால்பல் விழாத குழந்தை. ஜமுனாமரத்தூர் சந்தையில் வெயிலும் புழுதியுமாக இருந்தது. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு கண்களைக் கசக்கியவள், சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அம்மா, அரிக்குது! எனக்கு அரிக்குதும்மா!"

இரண்டு கடை தள்ளிப் பெரியம்மாள் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். "அப்புறம்? தாயி சொத்து மவளுக்குத்தானே சேரும்."

மிளகாய்க்காரன் சிரித்தான். உப்பு விற்கிறவள் சிரித்தாள். செல்லியம்மாள் குழந்தையின் வாயில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். உதட்டில் பல் பட்டு ரத்தம் வந்தது. "இனிமே அத சொல்லுவியா? சொல்லுவியா?"

குழந்தை சொல்லவில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் விக்கி விக்கி அழுதாள். காட்டாறு தாண்டின பிறகு, அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "அம்மா, கண்ணு... சிரிக்குது" என்றாள். முதலெழுத்தை மாற்றிக்கொண்டு சொல் தப்பித்துவிட்டது. செல்லியம்மாளுக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

பாஞ்சாலி வளர்ந்தாள். ஜமுனாமரத்தூரில் விடுதியோடு இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நன்றாகப் படித்தாள், பாட்டெல்லாம் ராகம் போட்டுச் சொன்னாள். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த கோடை மற்றக் கோடைகளைப் போல இல்லை. காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் வெள்ளை நூல் மாதிரி பீளை இழுத்துக்கொண்டு வந்தது. கரும்பலகையின் அருகில் போய் நின்றாலும் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல நெளிந்தன.

ஆசிரியர் தேவராஜ் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார். போளூர்க்காரர், தங்கமான மனிதர். வாசலில் தள்ளியே நின்றுகொண்டார்.

"மெட்ராஸ் ஐம்மா. ஒட்டிக்கும். வுடுதியில அத்தினி புள்ளைங்க கீதுங்க, நான் இன்னா பண்றது? சரியான பொறவு அனுப்புங்க."

"படிப்பு போய்டுமே சார்."

"கண்ணு போச்சுன்னா படிப்ப வெச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க? வர்ற வாரம் நம்ம ஸ்கூல்லயே கண் முகாம் போடறாங்க. கூட்டினு வாங்க. நல்ல டாக்டரு."

முகாமுக்குக் கோவிந்தனால் வர முடியவில்லை. செல்லியம்மாளும் மகளும் மட்டும் போனார்கள். பள்ளிக்கூட மரத்தடியில் பாம்பு போல வரிசை. பெரும்பாலும் கண்ணில் பூ விழுந்த கிழவர்கள். தங்கள் பின்னால் வந்து நின்றவர்களைச் செல்லியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மாள் தன் தகப்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் செல்லியம்மாளுக்கு மாமனாராக இருந்தவர். இப்போது இரண்டு கண்ணும் வெளுத்து, வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

டாக்டர் இளவயதுக்காரர். காலையிலிருந்து எத்தனை கண்களைப் பார்த்தாரோ, அவருடைய கண்களே களைத்திருந்தன. பாஞ்சாலியின் முகவாயை நிமிர்த்தி டார்ச் அடித்தார்.

"பாப்பாவுக்கு என்னம்மா?"

"கண்ணு நோவுங்க."

"எப்பலேர்ந்து?"

"வெயிலு வந்தா வருதுங்க. மழை புடிச்சிக்கினா போய்டுது. வருசா வருசம் இப்பிடித்தான்."

டார்ச் நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வருஷா வருஷமா? அரிக்குதா?"

அவர் வாயில் அது சுத்தமான சொல்லாக இருந்தது. மேஜைமேல் வெந்நீரில் போட்டு எடுத்து வைத்திருந்த கருவிகளில் ஒன்றைப் போல. ஆனால் செல்லியம்மாள் அதைத் தன் காதால் கேட்கவில்லை. பின்னால் நின்ற பெரியம்மாளின் காதால் கேட்டாள்.

"இல்லீங்க."

"நீ சொல்லு பாப்பா. அரிக்குதா?"

பாஞ்சாலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். அந்த மனிதருக்கு எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சொல்ல அவளிடம் இருந்தது ஒரே சொல்.

"சிரிக்குதுங்க."

"என்னது?"

"கண்ணு சிரிக்குதுங்க. ரொம்ப சிரிக்குது."

வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டருக்கும் களைப்பெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணு சிரிச்சா எதுக்குடா வைத்தியம்? வாய் சிரிக்கலேன்னா சொல்லு, மருந்து குடுக்கறேன்." பெரியம்மாள் சிரித்தாள். கண் தெரியாத கிழவர்கூடச் சிரித்தார். செல்லியம்மாளும் சிரித்தாள். மற்ற எதை மறந்தாலும், தான் அன்று சிரித்ததைச் செல்லியம்மாளால் மறக்க முடியாமல் போனது.

டாக்டர் மட்டும் சிரிப்பு அடங்கியதும் இன்னொரு தரம் கேட்டார். "நல்லா நெனச்சு சொல்லுங்கம்மா. அரிக்கிற கண்ணுக்கு ஒரு மருந்து. நோவுற கண்ணுக்கு வேற மருந்து."

"நோவுதானுங்க."

ஒரு களிம்புக் குழாய் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படுக்க வைக்க வேண்டாம், துண்டு தட்டு எல்லாம் தனியாக இருக்கட்டும் என்றார். அதற்குள் பின்னாலிருந்தவர்கள் நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பாஞ்சாலிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. தம்பி தவழ்ந்து அவளிடம் போனால் யாராவது ஓடிவந்து தூக்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சிரிக்கிற கண்ணு, ஓடு ஓடு" என்று பாடினார்கள். செல்லியம்மாள் வேளை தவறாமல் களிம்பு போட்டாள். இழுத்துப் பிடித்த இமைக்குள் களிம்பைத் தடவும்போதெல்லாம், இது இந்தக் கண்ணுக்கு உரிய மருந்தில்லை என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் தடவினாள். ஒருவேளை இதிலேயே சரியாகிவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிராதே.

"டாக்டரு இன்னா கேட்டாரு? எல்லாம் வெவரமா சொன்னியா?" என்று கோவிந்தன் கேட்டான்.

"கேட்டாரு. சொன்னேன்."

கண் அடங்கவில்லை. பாஞ்சாலி அம்மா பார்க்காத நேரத்தில் தேய்த்தாள். கையைத் தட்டிவிட்டால் தோளில் தேய்த்தாள், முழங்காலில் முகத்தைப் புதைத்துத் தேய்த்தாள். பலா மரத்தடியில் நின்று பட்டையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தவளை ஒருநாள் கோவிந்தன் இழுத்துக்கொண்டு வந்தான். பிறகு வெளிச்சத்தைக் கண்டால் கூச ஆரம்பித்தது. பகலெல்லாம் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, வீட்டின் மூலையில் சாமைக் குதிருக்குப் பின்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பாட்டுகளைச் சுவரைப் பார்த்து மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை பாட்டுச் சத்தம் வரவில்லை. செல்லியம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி, கண்ணு சிரிக்குதா?"

"இல்லம்மா." பாஞ்சாலி வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். "இப்ப சிரிக்கல. நெசமாவே நோவுது."

நோவு நோவு என்று ஊருக்கெல்லாம் செல்லியம்மாள்தான் சொன்னாள். சொன்ன பொய் கேட்டுக்கொண்டே இருந்து, இப்போது வந்து உட்கார்ந்துவிட்டது. மகளின் கையை விலக்கி, கண்ணீர் வடிய வடிய இமையைப் பிரித்தாள். கருவிழியின் மேல்பாகத்தில், சாமையரிசி அளவுக்கு, ஒரு வெள்ளை.

முகாம் டாக்டர்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். கண்ணில் பூ விழுந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்வதற்காகப் படவேட்டில் ஒரு சத்திரத்தில் தங்கியிருப்பதாகத் தேவராஜ் சொன்னார். கோவிந்தன் மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு காட்டுவழியில் இறங்கினான். பாஞ்சாலி அவன் தலையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர்கள் பின்னால் செல்லியம்மாள் நடந்தாள்.

வழியெல்லாம் கோவிந்தன் பொருமிக்கொண்டே போனான். "இன்னா டாக்டரு அவன்? மலை ஜனந்தானேன்னு எதையோ குடுத்து அனுப்பிட்டான். நீதான் வெவரமா சொல்லிக்கீறியே. கேக்காம வுட மாட்டேன். சட்டையப் புடிச்சிக் கேக்கறேன் பாரு."

"சும்மா வாய்யா."

"ஏன் சும்மா வரணும்? உன் மவ கண்ணு, அவன் வூட்டுக் கண்ணா?"

கீழே இறங்க இறங்கக் காற்றுச் சூடாகிக்கொண்டே வந்தது. கரும்புத் தோட்டங்கள் தெரிந்தன. சத்திரம் வராமலே போய்விடாதா என்று செல்லியம்மாள் ஒரு கணம் நினைத்தாள். நினைத்துவிட்டு, நடையை எட்டிப் போட்டாள்.

சத்திரத்துக் கூடத்தில் இரண்டு பக்கமும் பாய் விரித்து, கட்டுப் போட்ட கண்களோடு கிழவர்களும் கிழவிகளும் படுத்திருந்தார்கள். வாசல் ஓரத்துப் பாயில் வீரனின் தகப்பன். தலைமாட்டில் பெரியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். செல்லியம்மாளைப் பார்த்ததும் விசிறி ஒரு நொடி நின்று மறுபடி அசைந்தது.

டாக்டர் பாஞ்சாலியை அடையாளம் கண்டுகொண்டார். "அடடே, கண்ணு சிரிக்கிற பாப்பா!" என்று எழுந்தவர் அவள் கையை விலக்கிப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். ஒரு மஞ்சள் காகிதத்தின் நுனியைக் கண்ணோரம் தொட்டு, நீல வெளிச்சம் அடித்தார். அந்த வெள்ளை பச்சையாக ஒளிர்ந்தது.

"புண்ணு. ஆழமா இருக்கு. எப்படி இந்த அளவுக்கு..."

"என்னைக் கேக்கறீங்களா?" கோவிந்தனின் குரல் கூடத்தில் எகிறியது. படுத்திருந்தவர்களின் தலைகள் திரும்பின. "நாங்க இல்ல சார் கேக்கணும்! எம் பொஞ்சாதி வெவரமா சொல்லிக்கீறா. நீங்க இன்னா மருந்து குடுத்தீங்க? எம் மவ கண்ணு போச்சுன்னா யாரு..."

டாக்டரின் முகம் வெளிறிப்போனது. தான் செய்த பிழை எது என்று தேடுகிறவரைப் போல நின்றார். அந்த முகத்தைச் செல்லியம்மாளால் பார்க்க முடியவில்லை. அவள் பட்டுக்கொண்டிருக்க வேண்டியதை வேறொருவர் பட்டுக்கொண்டிருந்தார்.

"அரிக்குதுங்க" என்றாள்.

குரல் எழும்பவில்லை. கோவிந்தன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்று மறுபடி சொன்னாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"எம் மவளுக்குக் கண்ணு அரிக்குதுங்க. சிரிக்குதுன்னு அது சொன்னது அரிப்பத்தான். சின்னப்புள்ளையிலிருந்து அரிக்குது. நீங்க கேட்டப்ப நான்தான் இல்லன்னு சொன்னேன். அந்த வார்த்தைய சொன்னா நான் அடிப்பேன்னு அதுக்குப் பயம்."

கோவிந்தன் திறந்த வாயோடு அவளைப் பார்த்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஏன் என்று அவனுக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கத்தியதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாஞ்சாலியைக் கீழே பார்க்கச் சொல்லி, மெல்லிய குச்சி ஒன்றை வைத்து மேல் இமையைப் புரட்டினார். உட்புறம் ஆற்றில் கூழாங்கல் பரப்பினதைப் போல மேடு மேடாக இருந்தது.

"பாருங்க" என்று கோவிந்தனைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது அலர்ஜி. புழுதி, பூந்தூள், வெயில், ஏதோ ஒண்ணு கண்ணுக்கு ஒத்துக்கல. இந்த மேடுங்க உராஞ்சுதான் புண்ணு." பிறகு செல்லியம்மாளைப் பார்க்காமல், புரட்டின இமையைப் பார்த்தபடியே சொன்னார். "இத அன்னிக்கே நான் புரட்டிப் பாத்திருக்கணும். நீங்க இல்லைன்னதும் வுட்டுட்டேன். வரிசை நீளமா இருந்துச்சு."

செல்லியம்மாளுக்கு அது ஆறுதலாக இல்லை. பாரத்தில் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பாரம் குறையவில்லை.

"கண்ணு போய்டுமா சார்?" என்று கோவிந்தன் கேட்டான்.

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. முகாம் முடியிற வரைக்கும் இங்கயே தங்குங்க, தெனம் பாக்கணும். புண்ணு ஆறிடும். தழும்பு கொஞ்சம் நிக்கலாம். நடுவுல இல்ல, மேல இருக்கு, அதனால பார்வை பெருசா கெடாதுன்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்." சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று விட்டுக் காட்டினார். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து மூடின கண்மேல் வைக்கச் சொன்னார். வெயிலில் முக்காடு. "அரிச்சா தேய்க்கக் கூடாது, துணியத்தான் வெக்கணும். கடையில கேட்டு வேற சொட்டு எதுவும் வுட்டுடாதீங்க. சிலது உடனே நிறுத்தும், பின்னால கண்ணையே கெடுத்துடும். வருஷா வருஷம் வரும். பெரிய புள்ளையானா பெரும்பாலும் அதுவா அடங்கிடும்."

"பள்ளிக்கூடம்?"

"புண்ணு ஆறட்டும், தாராளமா போலாம். இது யாருக்கும் ஒட்டாது. தனித் தட்டு, தனிப் பாய் ஒண்ணும் வேணாம். நானே வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பறேன்."

ஒட்டாது. தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினதும், வேலிக்கு அப்பால் பிள்ளைகள் பாடினதும், குதிருக்குப் பின்னால் இருந்து வந்த பாட்டும் செல்லியம்மாளின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து போயின.

வாசல் ஓரத்துப் பாயிலிருந்து கிழவரின் குரல் கேட்டது. "யாரும்மா அது? இன்னா சத்தம்?"

செல்லியம்மாள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பழைய வார்த்தை வரப்போகிறது. வரட்டும் என்று காத்திருந்தாள்.

"செல்லிதான் நைனா" என்றாள் பெரியம்மாள். விசிறி அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தாமதித்து, "அவ மவளுக்குக் கண்ணு அரிக்குதாம்" என்றாள்.

"பாவம், கொழந்த" என்றார் கிழவர்.

பெரியம்மாள் பிறகு எழுந்து போய், மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுவந்து செல்லியம்மாளின் பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

செல்லியம்மாள் முந்தானையைக் கிழித்து நனைத்தாள். பாஞ்சாலியை மடியில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கண்களையும் மூடச் சொல்லி, ஈரத்துணியை மேலே வைத்தாள். குளிர்ச்சி பட்டதும் குழந்தையின் தோள்கள் தளர்ந்தன. சற்று நேரம் கழித்து இடது கண்ணோரம் துடித்தது. கை தானாக மேலே எழும்பி, பாதியில் நின்றது.

"இன்னாடி கண்ணு?" என்றாள் செல்லியம்மாள். "சொல்லு."

பாஞ்சாலி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லுடி. அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கண் மூடியிருந்த குழந்தை, பாதியில் நின்ற கையைக் கீழே கொண்டுவந்து, முதலில் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அறை விழுந்தால் கையில் விழட்டும் என்பதைப் போல. பிறகு விரல்களுக்குள்ளிருந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அரிக்குது."

செல்லியம்மாள் துணியை மறுபடி நனைத்தாள். தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.